ஃபைண்டருக்குள் ஏலப்பூ

கோபாலபுரம்
8 ஜூன் 2025

டின்சிக்கு,

நலமா என்று கேட்டால் இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நாலு மாதமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். கஞ்சிக்கோட்டில் உன் அண்ணன் ஜின்சனைக் கம்பெனி வாசலில் பிடித்துத்தான் விலாசம் வாங்கினேன். அவனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எழுதுங்க, படிப்பாளான்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குள் போய்விட்டான்.

இந்தப் பார்சலில் உன் கேமராவும் அந்த ஐம்பது எம்.எம். மேனுவல் லென்ஸும் இருக்கின்றன. அப்புசாமி அய்யா வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுவாரம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது இரண்டையும் மேசைமேல் விட்டுவிட்டுப் போனாய். அன்றிலிருந்து பீரோவில்தான் கிடந்தன, நான் தொடவில்லை. மழை தொடங்கிவிட்டது. இனியும் வைத்திருந்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.

படங்களைக் காட்ட அவர்கள் வீட்டுக்குப் போன அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நாம் இருவரும் ஐந்து வருஷம் சேர்ந்து கட்டிய ஸ்டூடியோ. தாலி கட்டும் நேரத்தில் நீ எடுத்த நாற்பது படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. என் கேமராவில் அட்சதை போடும் கைகள்தான் விழுந்திருந்தன. பெண்ணைப் பெற்றவர் முன்னால் நான் என்ன சொல்ல முடியும்? "எங்க டின்சிக்குக் கண்ணு கொஞ்சம் கோளாறுங்க" என்று வாயில் வந்துவிட்டது. நீ பின்னால் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது.

லென்ஸை உலர்வான இடத்தில் வை.

பிரதீபா


குமுளி
21 ஜூன் 2025

பிரதீபா அக்காவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. திறக்கவில்லை. அம்மாவின் ஜெபப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பூஞ்சை பிடித்தால் பிடிக்கட்டும்.

நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். "கொஞ்சம் கோளாறுங்க" என்று நீங்கள் சொல்லவில்லை. "கண்ணு தெரியாத புள்ளைய நம்பி மோசம் போயிட்டனுங்க" என்று சொன்னீர்கள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும்.

அன்றைக்கு நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது கேமராவின் ஃபைண்டரில் கண்ணை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றின் முறுக்கு இழை இழையாகத் தெரிந்தது. இழைமேல் ஒட்டியிருந்த மஞ்சள் துகள் தெரிந்தது. மணப்பெண் செல்வப்பிரியா மூச்சை இழுத்தபோது அவள் கழுத்தடியில் ஒரு சின்னத் துடிப்பு, அதுவும் தெரிந்தது. உலகத்தில் இவ்வளவு தெளிவு உண்டா என்று உடம்பு சிலிர்த்துப்போய்த்தான் பட்டனை அழுத்தினேன். மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது.

அப்படியானால் நான் பார்த்தது என்ன? என் கண் தானாகவே கற்பனை செய்துகொண்டதா?

தேனிக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். வலது கண்ணின் கருவிழி மெலிந்துகொண்டே வருகிறதாம். அது திரும்பாது, நிறுத்தி வைக்கத்தான் பார்க்கலாம் என்றார். இடது கண் நன்றாக இருக்கிறதாம். ஃபைண்டரில் இடது கண்ணைத்தான் வைப்பேன் என்று சொன்னேன். "அப்ப போட்டோ எடுக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லம்மா" என்றார். அவரை நம்புவதா, அந்த நாற்பது படங்களை நம்புவதா? படங்களைத்தான் நம்பினேன்.

இப்போது எஸ்டேட் ஸ்டோரில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிறேன். விரலுக்கே தெரிந்துவிடும், கண் தேவையில்லை. வேறு நம்பரிலிருந்தும் போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் சமாதானமாகிவிடுவேன். எனக்கு இன்னும் சமாதானமாக மனசில்லை.

டின்சி


கோபாலபுரம்
30 ஜூன் 2025

டின்சி,

நீ எழுதியதுதான் சரி. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். காகிதத்தில் எழுதக் கை வராமல் சின்னதாக்கிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு கல்யாணம் வந்திருக்கிறது. பெண் பேர் வனிதா. நீ முன்பு எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறாள். ஃபிளாஷ் கூடாது, விடியற்காலை வெளிச்சத்தில் அதே மாதிரி வேண்டும் என்கிறாள். உன் மேனுவல் லென்ஸ் மாதிரியே ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு வீட்டில் பழகிப் பார்த்தேன். மூக்குக்கு ஃபோகஸ் வருகிறது, கண்ணுக்கு வருவதில்லை. கண்ணுக்கு வந்தால் ஆள் நகர்ந்துவிடுகிறார். நீ எப்படித்தான் செய்தாய்? ஐந்து வருஷம் பக்கத்தில் நின்றும் நான் கேட்டதே இல்லை.

விருப்பம் இருந்தால் எழுது.

பிரதீபா


குமுளி
12 ஜூலை 2025

அக்கா,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். லென்ஸின் வளையத்தைக் கையில் பிடிக்காமல் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் இதற்குத்தான் கேட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் ஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிச் சக்கரம். எதிரே இருப்பதைப் பார்த்து அதைத் திருப்பாதீர்கள். ஃபைண்டருக்குள் தெரியும் எண்களைப் பார்த்துத் திருப்புங்கள். எண்கள் கூர்மையாகத் தெரிந்தால் அது உங்கள் கண்ணுக்குச் சரியாகிவிட்டது. இதைச் செய்யாமல் லென்ஸைக் குறை சொல்பவர்கள்தான் ஊரில் பாதிப்பேர்.

பிறகு லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து வையுங்கள். ஃபோகஸ் விழும் விளிம்புகளில் சிவப்புக் கோடு மின்னும். அதை அப்படியே நம்பாதீர்கள். அது ஊரைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. வீட்டைக் கண்டுபிடிக்கப் பெரிதாக்கும் பட்டன். இமை முடியில் வைத்துப் பெரிதாக்குங்கள். வளையத்தைத் திருப்பும்போது சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். தாண்டாதவர்களுக்கு இடம் தெரியாது. பெண் சிரித்து அசைந்தால் வளையத்தை விட்டுவிடுங்கள், உங்கள் உடம்பை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் சாயுங்கள். மூச்சு வெளியே போய் முடியும் இடத்தில் அழுத்துங்கள். பட்டுச்சேலை சிவப்பாக இருந்தால் கோட்டை நீலமாக மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பின்மேல் சிவப்பு தெரியாது.

மெனுவில், கை ஆட்டத்தைத் தடுக்கும் இடத்தில், 135 என்று இருந்தது. அது உங்கள் பெரிய லென்ஸின் அளவு. நான் இங்கே வந்த பிறகு நீங்கள் அதைப் போட்டு எடுத்தீர்கள் போலிருக்கிறது. 50 ஆக்கிக்கொண்டேன்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் உறையை ஒட்ட முடியவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது மழை விட்டிருந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஏலக்காடு. ஏலப்பூ உயரத்தில் பூக்காது. செடியின் தூரிலிருந்து கொத்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். பிறந்ததிலிருந்து அதை மிதிக்காமல் நடக்கத் தெரியும், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும். வளையம் சுற்றிப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று மண்ணில் குப்புறப் படுத்தேன்.

இலைகளுக்கு அடியில் இருட்டு. வெறும் கண்ணுக்குப் பூ ஒரு வெள்ளைப் புள்ளிதான். ஃபைண்டரில் கண்ணை வைத்தேன். அக்கா, வெளிச்சம் வந்துவிட்டது! இந்தக் கேமராக்களின் ஃபைண்டர் கண்ணுக்கு எதிரே வைத்த குட்டி டிவி என்று நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம். இருட்டான இடத்தை அது வெளிச்சமாக்கிக் காட்டும் என்பதும் தெரிந்ததுதான். தெரிந்தும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. வெள்ளை இதழ். அதன் நடுவில் ஊதா நரம்புகள், விசிறிபோல உள்ளே ஓடுகின்றன. பெரிதாக்கினேன். ஒவ்வொரு நரம்பும் நுனியில் இரண்டாகப் பிரிகிறது. இதழின் ஓரம் முழுக்கக் கண்ணாடித்தூள் மாதிரி ஈரம். ஒரு முடியளவு வளையத்தைத் திருப்பினால் அந்த ஓரம் மறைந்து அடுத்த ஓரம் எழுந்து வருகிறது. அங்குலத்துக்கும் குறைவான ஒரு பூவுக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தேன், முடியவே இல்லை.

அப்போது தேனீ வந்தது. ஃபைண்டர் முழுக்க அதன் முதுகு. அந்த ஊதாக் கோடுகளின் மேலேயே, வழி கேட்டுக்கொண்டு போவதுபோல நடந்து உள்ளே போனது. தலையை நுழைத்தபோது பூவின் மகரந்தத் தண்டு கொஞ்சம் இறங்கி அதன் முதுகில் வெள்ளை மாவைப் பூசியது. முதுகு ரோமத்தில் மாவு மணி மணியாக ஒட்டியதைப் பார்த்தேன். இந்தக் காட்டில் விளையும் காய் எல்லாமே இந்த ஒரு தொடுதலில்தானா? நான் பிரிக்கும் மூட்டை மூட்டையான காயும், எங்களுக்குச் சோறு போட்டதும், என்னைப் படிக்க வைத்ததும் இதுதானா? எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீரில் ஃபைண்டர் மங்கிப்போனதும் பயந்து துடைத்துக்கொண்டேன்.

அம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். "ஏட்டி, மண்ணுல கெடந்து என்னத்தப் பாக்க? அட்டை ஏறிரும், எந்திரி" என்று சத்தம் போட்டாள். ஃபைண்டரை அவள் கண்ணில் வைத்தேன். நாற்பது வருஷமாக அந்தக் காட்டில் காய் எடுப்பவள். "மாதாவே, இம்புட்டு வேலையா செஞ்சு வச்சிருக்கு இதுக்குள்ள" என்றாள். பிறகு கழுத்தில் ஏறியிருந்த அட்டையைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குமுளியில் பத்துப் படம் பிரிண்ட் போட்டேன். அதில் இரண்டை இதோடு வைத்திருக்கிறேன். பாருங்கள், எதுவும் இழுபடவில்லை. இங்கே எல்லாம் பார்த்தது பார்த்தபடி விழுகிறது. அன்றைக்கு மட்டும் ஏன் விழவில்லை? பதில் தெரியாமல் கேமராவை மறுபடி கையில் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பூவுக்குத் தவறு நடந்தால் நாளைக்கு இன்னொரு பூ. தாலி ஒரு தடவைதான் கட்டுவார்கள்.

டின்சி


கோபாலபுரம்
27 ஜூலை 2025

டின்சி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

தேனீப் படத்தை ஸ்டூடியோ மேசையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் இருந்தேன். முதுகில் ஒட்டிய மாவை எண்ணிவிடலாம். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒன்றை என் வாழ்நாளில் எடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது. கைகூப்பத் தோன்றியது.

பிறகுதான் உன் கடிதத்தில் 135 என்ற எண்ணை மறுபடி படித்தேன். நீ போன பிறகு உன் கேமராவை நான் தொடவே இல்லை, டின்சி. பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் என் கேமரா பேட்டரி சார்ஜில் கிடந்தது. நீ மணப்பெண் அறையில் இருந்தாய். உன் கேமராவை எடுத்துப் பெரிய லென்ஸைப் போட்டேன். பழைய லென்ஸுக்குத் தன் அளவைக் கேமராவிடம் சொல்லத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னதால் 135 என்று வைத்தேன். திரும்ப உன் லென்ஸை மாட்டினேன், எண்ணை மாற்றவில்லை. நீ வாங்கியபோது "பார்க்கட்டுமா அக்கா?" என்று மெனுவைத் திறக்கப் போனாய். "எல்லாம் நான் பாத்து வெச்சுட்டேங்கண்ணு, நீ போ, முகூர்த்தம் வந்துருச்சு" என்று தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கேமரா உன் கையில் பெரிய லென்ஸ் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, கை ஆட்டத்தைச் சரிக்கட்ட, தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே அசைந்து கொடுத்திருக்கிறது. நம் மாடலில் அது படம் விழும் நொடியில் மட்டும்தான் வேலை செய்யும், ஃபைண்டரில் தெரியாது. விடியற்காலை மெதுவான ஷட்டரில் எடுத்தவை எல்லாம் போயின. வெயில் வந்த பிறகு எடுத்தவை தப்பித்தன.

ஊகமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். என் கேமராவில் அந்த இரவல் லென்ஸை மாட்டி, அதே தப்பைச் செய்து மாமியாரை உட்கார வைத்து எடுத்தேன். அதே இழுப்பு, அதே இரட்டை விளிம்பு. "என்ற மூஞ்சி ஏங்கண்ணு ரெண்டாத் தெரியுது?" என்று கேட்டார்கள். எண்ணை மாற்றி எடுத்தேன், சுருக்கம் சுருக்கமாகத் தெளிவாக விழுந்தது.

நீ பார்த்தது எல்லாம் உண்மை. கயிற்றின் முறுக்கும் மஞ்சள் துகளும் அவள் மூச்சும். உன் கண் ஒரு தப்பும் செய்யவில்லை. கெடுத்தது நான்.

பிரதீபா


குமுளி
5 ஆகஸ்ட் 2025

பிரதீபா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டோரில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கையிலிருந்த ஏலக்காயைத் தட்டோடு வீசிவிட்டேன். கணக்குப்பிள்ளை திட்டினார்.

ஆறு மாதம், அக்கா. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு போயிற்று, நாளைக்கு எவ்வளவு போகும் என்று என் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தேன். நான் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகானதைப் பொய் என்று நம்பினேன். அம்மா என்னிடம் எதையும் காட்டப் பயந்தாள். இந்த ஆறு மாதத்தை எந்த மெனுவில் போய் மாற்றுவீர்கள்?

நீங்கள் சொல்லாமல் மறைத்திருக்கலாம் என்பதும் புரிகிறது. மறைக்கவில்லை. அதற்கு மரியாதை உண்டு. ஆனால் என்னிடம் மட்டும் சொன்னால் போதாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரை கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைக் கண் தெரியாதவள் என்கிறார்கள். ஜின்சன் காதில் விழுந்திருக்கிறது. அப்புசாமி அய்யா வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் வேண்டாம். அன்று எந்த இடத்தில் நின்று சொன்னீர்களோ அங்கேயே நின்று சொல்லுங்கள்.

சொல்லாவிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

டின்சி


கோபாலபுரம்
20 ஆகஸ்ட் 2025

டின்சி,

போனேன்.

இரண்டு தடவை கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை அப்புசாமி அய்யாவே தென்னந்தோப்பிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டார். "ஏனுங்கம்மா, வெய்யில்ல நிக்கறீங்க? ஊட்டுக்குள்ள வாங்க" என்றார். அவர் சம்சாரம் செல்லாத்தாள் மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுச் சொல்லக்கூடாது என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்று நின்ற அதே கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

லென்ஸ், எண், மெனு எதுவும் அவருக்குப் புரியவில்லை. "சுருக்கமாச் சொல்லுங்க" என்றார். "தப்புப் பண்ணுனது நானுங்க. பழி போட்டது அந்தப் புள்ள மேலைங்க" என்றேன். செல்லாத்தாள் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உன் தேனீப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். தோப்பு வைத்து விவசாயம் பார்ப்பவர் இல்லையா, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதுவுல மாவு ஒட்டியிருக்குது பாருங்க" என்றார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். செல்வப்பிரியா மாசமாக இருக்கிறாள். அவள் படத்தின்மேல் விரல் படாமல் அந்த ஊதாக் கோடுகளைக் காற்றிலேயே தடவிப் பார்த்தாள். கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "இந்தக் கண்ணையாங்கம்மா நீங்க கொறை சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நாந்தானுங்க" என்றேன்.

"தாலி கட்டுன படம் போச்சு, அது போனதுதானுங்க. அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி வளைகாப்பு. அந்தப் புள்ள வரட்டும். நீங்க வர வேண்டாம்" என்றார். செல்வப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். வனிதா வீட்டிலும், நான் இதைச் சொன்ன மற்ற நாலு வீட்டிலும் இதே பேச்சுத்தான். நீ வந்தால் எடுக்கலாம் என்கிறார்கள். ஸ்டூடியோ பெயர்ப்பலகையை உன் பெயருக்கே மாற்றிவிடட்டுமா என்று மாமியார் கேட்கிறார்கள். கிண்டலா நிஜமா தெரியவில்லை. நீ வா, டின்சி. இந்த ஊரில் உன் கண் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. எனக்காக வர வேண்டாம்.

பிரதீபா


குமுளி
30 ஆகஸ்ட் 2025

அக்கா,

அப்புசாமி அய்யா போன் செய்தார். செல்வப்பிரியாவும் பேசினாள். வருவதாகச் சொல்லிவிட்டேன். ஸ்டோரில் கணக்கு முடித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளைக்குச் சந்தோஷம்.

போன வாரம் மறுபடி தேனி போய்வந்தேன். வலது கண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதை நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கிறதாம், மார்கழிக்கு முன்னால் செய்துகொள்ளச் சொன்னார். இடது கண் அப்படியே இருக்கிறது. நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இப்போது தினமும் காலையில் காலண்டரைப் பார்ப்பதில்லை. காட்டுக்குப் போய்விடுகிறேன். நேற்று ஒரு சிலந்தி வலையில் மழைத்துளி, ஒவ்வொரு துளிக்குள்ளும் மலை தலைகீழாகத் தொங்கியது. இதையெல்லாம் பார்க்க ஒரு கண் தாராளம் என்று தோன்றியது. இரண்டும் இருந்தபோது நான் என்னத்தைப் பார்த்தேன்?

உங்கள்மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. பாதி இருக்கிறது. வேலை செய்துகொண்டே அது போகட்டும்.

அய்யாவிடம் ஒன்று கேட்டேன். உங்களைக் கூட்டிவர வேண்டும் என்றேன். "கேமராவத் தொடமாட்டாங்கன்னா வரச் சொல்லுங்க" என்றார். தொட வேண்டாம், அக்கா. ஃபைண்டரில் இடது கண்ணை வைத்துவிட்டால் வலது பக்கம் யார் வருகிறார்கள், யார் அழுகிறார்கள், எந்தக் குழந்தை ஓடுகிறது என்று எதுவும் இப்போது எனக்குத் தெரிவதில்லை. வெறும் நிறம்தான் அசைகிறது. நீங்கள் அந்தப் பக்கம் நின்று எனக்குச் சொல்லுங்கள்.

டின்சி